பில்லில் 1.68 கன அடி, வீட்டில் அளந்தால் 1.44. மரக் கணக்கு எங்கே இடிக்கிறது?

#1 – புதுஉளி

எல்லோருக்கும் வணக்கம். மரவேலையில் நான் கற்றுக்குட்டி. பிளைவுட்டில் இரண்டு அலமாரி செய்த தைரியத்தில், முதல்முறையாக அசல் மரத்தில் ஒரு படிப்பு மேசை செய்ய இறங்கியிருக்கிறேன். நான் போட்ட அளவுகள் (எல்லாம் அங்குலத்தில்):

மேல்பலகை: 48 × 24, தடிமன் 1
கால்: 2½ × 2½, உயரம் 28, நான்கு
நீளச் சட்டம்: 42 × 4 × 1, இரண்டு
குறுக்குச் சட்டம்: 18 × 4 × 1, இரண்டு

சட்டங்களின் நீளம், கால் மூட்டுக்குள் போகும் நாக்கையும் சேர்த்தது. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 2,332 கன அங்குலம். 1,728-ஆல் வகுத்தால் 1.35 கன அடி. சரி, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 1 × 6 அங்குலப் பலகை 5 அடி நீளத்தில் ஆறும், 2½ × 2½ சட்டம் 2½ அடி நீளத்தில் நான்கும் வாங்கினேன். பில்லில் 1.68 கன அடி.

வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தால் பலகையின் தடிமன் 7 நூல்தான் (8 நூல் ஓர் அங்குலம்). அகலம் 5 அங்குலம் 6 நூல். கால் சட்டம் 2 அங்குலம் 3 நூல். திரும்பக் கணக்குப் போட்டேன், 1.44 வருகிறது. ஒரு பலகையை இரண்டு பக்கமும் இழைத்துப் பார்த்தேன், 6 நூலுக்கு இறங்கிவிட்டது. மேல்பலகைக்கு ஐந்து பலகை போய்விட்டால் சட்டங்களுக்கு ஒரே பலகைதான் மிஞ்சும். மேசைக்கு வேண்டியது 1.35, கையில் இருப்பது 1.44, ஆனாலும் மேசை முடியாது என்று தெரிகிறது. இது எப்படி? நான் ஏமாந்துவிட்டேனா?

#2 – கணக்குப்பலகை

உங்கள் கணக்கு சரிதான். இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு தடவை விரித்துச் சொல்கிறேன்.

தடிமனையும் அகலத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், அதனால்தான் அந்த 144. உங்கள் ஒரு பலகை 1 × 6 × 5 ÷ 144 = 0.208. ஆறு பலகைக்கு 1.25. கால்கள் நான்குக்கும் 0.43. ஆக 1.68. பில்லின் பெருக்கலில் தவறில்லை. பெருக்கிய அளவுகள்தான் வேறு.

பலகையைப் பாருங்கள். 8 நூலுக்கு 7 நூல் என்றால் தடிமனில் மட்டும் 12½ % போயிற்று. அகலத்தில் 2 நூல் என்பது சின்னதாகத் தெரியும், அது இன்னொரு 4 %. இரண்டும் பெருகி ஒவ்வொரு பலகையிலும் 16 % குறைகிறது. மெல்லிய பக்கத்தில் விழும் ஒரு நூல்தான் பணத்தைத் தின்கிறது. பலருக்கு அகலத்தைக் கவனமாக அளந்துவிட்டுத் தடிமனைக் கண்ணாலேயே பார்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

ஒரு கேள்வி: வாங்கும்போது மரம் ஈரமாக இருந்ததா?

#3 – தடிமரம்

நான் அறுவை மில்லில் பல வருடம் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி.

வட்டப் பிளேடு ஒரு தடவை ஓடினால் கிட்டத்தட்ட ஒரு நூல் மரம் தூளாகப் போகும். நாடா மாதிரி ஓடும் பேண்ட் சாவில் அதில் பாதி அளவு. சில மில்களில் பிளேடு போன தடத்தையும் சேர்த்தே 1 அங்குலம் என்று எழுதுவார்கள். அங்கே 1 அங்குலப் பலகை கைக்கு வரும்போது 7 நூல்தான் இருக்கும். வேறு மில்லில் 1 அங்குலம் கேட்டால் 9 நூல் வைத்து அறுத்துக் கொடுப்பார்கள், காய்ந்தால் சுருங்கும் என்பதற்காக. இரண்டு இடத்திலும் பில்லில் 1 அங்குலம்தான். இரண்டாமிடத்தில் கன அடி விலை சற்று ஏறத்தான் செய்யும். வாங்குபவர் அந்த விலையை மட்டும் பார்த்து முதலாமிடத்துக்குப் போய்விடுவார்.

தடியாக, அதாவது உருட்டு மரமாக வாங்கி அறுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தடியை அளக்கும் பழைய முறை கால் சுற்றளவு முறை. நடுவில் கயிறு சுற்றிச் சுற்றளவை எடுத்து, நாலில் ஒரு பங்காக்கி, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்று வையுங்கள். 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. ஆனால் அதே தடியை உண்மையான உருளையாகக் கணக்கிட்டால் 12.73 கன அடி வரும். இந்த முறையை ஹாப்பஸ் அளவு என்பார்கள். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் இதற்கான வாய்பாட்டை வெளியிட்டார். உண்மைக் கன அளவில் 78½ % மட்டுமே இதில் கணக்காகும். மீதி 21½ %, தடியைச் சதுரமாக்கும்போது வெட்டி எறியும் ஓரத்துக்கான தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தடி விலையையும் அறுத்த பலகை விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டிலும் "கன அடி" என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் கன அடி ஒன்றல்ல.

பட்டையையும் பார்க்க வேண்டும். அதே தடியில் இரண்டரை நூல் தடிமனுக்குப் பட்டை ஒட்டியிருந்தால் சுற்றளவு 50 அங்குலமாகிவிடும். 12½ × 12½ × 10 ÷ 144 = 10.85. பட்டைக்காக மட்டும் 0.85 கன அடி. சுற்றளவை அதாலேயே பெருக்குவதால் வரும் வினை இது. பட்டையை ஓரிடத்தில் வளையமாகச் செதுக்கிவிட்டு அங்கே கயிற்றைச் சுற்றச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

#4 – நாலுநூல்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 7 நூல் கொடுத்துவிட்டு 8 நூலுக்குப் பணம் வாங்குவதை "வழக்கம்" என்று சொல்லி மூடக் கூடாது. துணிக் கடையில் ஒரு மீட்டர் கேட்டு 87 சென்டிமீட்டர் வந்தால் சும்மா இருப்போமா? புதிதாக வருகிறவருக்கு முதல் வேலையிலேயே இப்படி நடந்தால் அவர் திரும்பப் பிளைவுட்டுக்கே போய்விடுவார். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

#5 – கணக்குப்பலகை

உங்கள் ஆதங்கம் நியாயமானது, நாலுநூல். ஆனால் பெயரளவு ஒன்று, கையளவு ஒன்று என்பது மரத் தொழிலில் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்க வீடியோக்களில் "டூ பை ஃபோர்" என்று கேட்டிருப்பீர்கள். அது 2 × 4 அங்குலம் கிடையாது. இழைத்து, காய்ந்து கடைக்கு வரும்போது 1½ × 3½. குறுக்குவெட்டுப் பரப்பில் 8-க்கு 5¼, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்கே ஊசியிலை மரங்களுக்கு 1924-இலேயே அளவுத் தரம் வகுத்தார்கள். 1½ × 3½ என்ற இன்றைய அளவு 1970-இல் வந்த தரத்தில் உறுதியானது. 1 × 6 என்றால் ¾ × 5½. 2 × 8 என்றால் 1½ × 7¼.

அங்கே யாரும் இதை ஏமாற்று என்று சொல்வதில்லை. அளவு எழுத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றுதான், வாங்குபவருக்கும் தெரியும். புதுஉளிக்கு நேர்ந்ததில் குறை எங்கே என்றால், எழுதிய தரமும் இல்லை, வாயால் சொன்னதும் இல்லை. "இந்த 1 அங்குலம் அறுவை அளவா, கையில் வரும் அளவா?" என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அல்லது சொல்லியிருந்தால் இந்த இழையே இருக்காது.

#6 – இழைப்புளி

தம்பி, ஏமாந்தீர்களா இல்லையா என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கடையில் முழு 1.68 கன அடி கொடுத்திருந்தாலும் உங்கள் மேசை முடிந்திருக்காது. இருபது வருடமாக மேசை, கட்டில் செய்கிறேன். ஆரம்பத்தில் இதே இடத்தில்தான் நானும் தடுக்கினேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போட்டது செய்து முடித்த மேசையின் கன அளவு. கடையில் வாங்க வேண்டியது அந்த மேசை எந்தக் கட்டைகளிலிருந்து வெளியே வரும் என்ற கன அளவு. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக "இதை எடுக்க என்ன கட்டை வேண்டும்?" என்று கேட்டு எழுத வேண்டும். உங்கள் மேசைக்கே போட்டுக் காட்டுகிறேன்.

மேல்பலகை இழைத்து முடிந்ததும் 1 அங்குலம் நிற்க வேண்டும் என்றால், அறுத்த பலகை 1¼ அங்குலம் இருக்க வேண்டும், அதாவது 10 நூல். அறுவைத் தடம், லேசான வளைவு, முறுக்கு எல்லாம் இந்த இரண்டு நூலுக்குள் அடங்கும். அகலத்தில் ஒட்டும் விளிம்புகளை நேராக்க அரை அங்குலம் விடுங்கள். ஆகவே 5½ அங்குல அகலத்தில் ஐந்து பலகை, ஒவ்வொன்றிலிருந்தும் 5 அங்குலம். நீளம் 48-க்கு 51, ஏனென்றால் முனைகளில் வெடிப்பு இருக்கும். ஐந்தும் சேர்ந்து 1,753 கன அங்குலம்.

கால் 2½ வேண்டும் என்றால் 3 × 3, நீளம் 30. நான்குக்கு 1,080.

சட்டங்கள் 1¼ × 4½. நீளம் 44-இல் இரண்டு, 20-இல் இரண்டு. மொத்தம் 720.

கூட்டினால் 3,553, அதாவது 2.06 கன அடி. உங்கள் 1.35 இங்கேயே 2.06 ஆகிவிட்டது. இன்னும் கணு, வெளிறு (மரத்தின் வெளிப்பக்கத்து வெளிர்ந்த பகுதி), ஓர வெடிப்பு என்று எந்தத் துண்டையாவது ஒதுக்க நேரும். அதற்கு 15 % சேர்த்தால் 2.37. நான் இந்த மேசைக்கு மரம் வாங்கப் போனால் 2.4 கன அடி என்று எழுதிக்கொண்டுதான் போவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கன அடியில் உங்களிடம் மிச்சம் இருந்தும் மேசை முடியாததற்குக் காரணம், மரம் தண்ணீர் மாதிரி இல்லை. 6 அங்குலப் பலகையிலிருந்து 4 அங்குலச் சட்டம் ஒன்றுதான் வரும். மீதி 2 அங்குலக் கீற்று கணக்கில் மரம், உங்கள் மேசைக்கு விறகு. கடையில் 9 அங்குல அகலத்தில் ஒரே பலகை எடுத்திருந்தால் இரண்டு சட்டமும் பக்கத்தில் பக்கமாக வந்திருக்கும். அதனால் நான் துண்டுப் பட்டியலோடு ஒரு தாளில் பலகைகளை வரைந்து, எந்தத் துண்டு எந்தப் பலகையில் படுக்கும் என்று பென்சிலால் அடைத்துப் பார்ப்பேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலகைகளைப் புரட்டுவேன்.

#7 – புதுஉளி

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. அப்படியானால் எந்த வேலைக்கும் முடித்த கன அளவை ஒன்றரையால் பெருக்கி வாங்கினால் போதுமா? 1.35-க்கு 2.06 கிட்டத்தட்ட அதுதானே?

கணக்குப்பலகை ஐயா, மரம் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தது. ஈரம் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படிப் பார்ப்பது?

#8 – கணக்குப்பலகை

ஒன்றரை மடங்கு என்பது மோசமான தொடக்கம் இல்லை. கடைக்குப் போகும் முன் கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும். நானே 30 முதல் 50 % வரை சேர்த்துத்தான் தோராயம் போடுகிறேன்.

#9 – இழைப்புளி

இதில் நான் கணக்குப்பலகை ஐயாவிடமிருந்து விலகுகிறேன். உங்கள் மேசையில் எல்லாத் துண்டும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறும் வகையில் அமைந்துவிட்டன, அதனால் ஒன்றரை பொருந்திற்று. அடுத்து நீங்கள் ஓர் இழுப்பறை செய்யுங்கள். பக்கப் பலகை 4 நூல் தடிமன். கடையில் கிடைக்கும் மெல்லிய பலகை 1 அங்குலம் என்றால், இழைக்கும்போதே பாதி மரம் சுருளாகப் போயிற்று. அகலம், நீளம், கணு எதையும் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. அங்கே இரண்டு மடங்கும் பற்றாது, இரண்டரை வேண்டியிருக்கும். மெல்லிய துண்டு, வளைந்த துண்டு, நீளமான துண்டு இவை மூன்றும் சேதாரத்தை ஏற்றும். தோராயம் மனசில் இருக்கட்டும், வாங்கும்போது துண்டுத் துண்டாகவே போடுங்கள்.

#10 – கணக்குப்பலகை

இழுப்பறை உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். பெட்டி வேலைகளுக்கு என் தோராயம் தவறாகத்தான் போகும்.

#11 – வைரமரம்

ஈரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். விலையை மறைமுகமாக ஏற்றுவதில் இதற்குத்தான் பெரிய பங்கு.

மரத்தின் ஈரம் என்பது, உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையை முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையால் வகுத்துச் சொல்லும் சதவீதம். அதனால் பச்சை மரத்தில் அது 100 %-ஐத் தாண்டவும் செய்யும். 28–30 % வரைக்கும் இறங்கும்போது எடை மட்டும்தான் குறையும், அளவு குறையாது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருக்கம் தொடங்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் மிகமிகக் குறைவு. பலகை கிண்ணம் மாதிரி குழிவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம்.

எனவே பச்சையாக இருக்கும்போது அளந்து பில் போட்ட பலகை, காய்ந்த பிறகு அதே பலகை இல்லை. அகலத்தில் சில நூல் போகும். குழிவதால், அதை நேராக்க இழைக்கும்போது தடிமனில் இன்னும் போகும். காற்றில் காய வைத்ததா, சூளையில் காய வைத்ததா என்று கேட்பது அவசியம். சூளை மரம் 6–8 %-க்கு வரும். காற்றில் காய்ந்தது சுற்றிலும் உள்ள காற்றின் ஈரத்தைப் பொறுத்து பெரும்பாலும் 12 %-க்கு மேல்தான் நிற்கும். சூளை மரத்தின் விலையில் எரிபொருள், நாள், காயும்போது வெடித்து வீணான பலகைகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கூடுதல் விலை வீணாகக் கொடுப்பதில்லை.

புதுஉளி, ஈரமானி இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். பலகையின் முனையிலிருந்து ஓர் அடியாவது உள்ளே தள்ளி ஒரு மெல்லிய குறுக்குத் துண்டு வெட்டுங்கள். முனை சீக்கிரம் காய்ந்திருக்கும், அது பொய் சொல்லும். வெட்டியதும் உடனே எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து, எடை இனி குறையவே இல்லை என்ற நிலை வரும்வரை காய வையுங்கள். முதலில் 56 கிராம், கடைசியில் 40 கிராம் என்றால், போனது 16, அதை 40-ஆல் வகுத்தால் 40 %. அப்படி வந்தால் மேசையைத் தொடாதீர்கள். கீற்றுக் கட்டைகள் இடையில் வைத்து நிழலில் அடுக்குங்கள். தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சி என்பது ஈரத்துக்கு ஓர் அறிகுறியாக இருக்கலாம், ஆனால் அது அளவு ஆகாது.

#12 – நாலுநூல்

வெளிநாட்டு வரைபடங்களில் "போர்டு ஃபுட்" என்று போட்டிருக்கிறார்களே, அதையும் யாராவது சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாற்காலி வரைபடம் வாங்கி வைத்திருக்கிறேன், 14 போர்டு ஃபுட் என்று இருக்கிறது.

#13 – கணக்குப்பலகை

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், 1 அங்குலத் தடிமன், இது ஒரு பலகை அடி. 12 பலகை அடி ஒரு கன அடி. உங்கள் 14-ஐ 12-ஆல் வகுத்தால் 1.17 கன அடி. கன மீட்டரில் விலை சொன்னால், ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி, அல்லது 424 பலகை அடி. விலையை மாற்றும்போதும் இதே வகுத்தல்தான்: கன அடி விலையை 12-ஆல் வகுத்தால் பலகை அடி விலை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அமெரிக்கக் கடின மரங்களில் தடிமனைக் கால் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். 4/4 என்றால் 1 அங்குலம், 8/4 என்றால் 2. இரண்டு பக்கமும் இழைத்துக் கொடுத்தால் 4/4 பலகை 13/16 அங்குலத்துக்கு, அதாவது ஆறரை நூலுக்கு வந்துவிடும். பில் மட்டும் 4/4-க்குத்தான். அப்புறம், 1 அங்குலத்துக்குக் கீழே தடிமன் உள்ள பலகையையும் 1 அங்குலமாகவே எண்ணுவார்கள். மெல்லிய பலகை வாங்கினால் கன அளவு குறையும், பலகை அடி குறையாது.

ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளந்து, விலை சொல்லும் ரீப்பர், பீடிங் போன்ற மெல்லிய சட்டங்களில் குறுக்களவை நீங்களே அளந்து கன அடிக்கு மாற்றிப் பாருங்கள். 2 × 1 அங்குல ரீப்பர் 72 அடி சேர்ந்தால் ஒரு கன அடி. அறுத்த கூலியும் இழைத்த கூலியும் அந்த விலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பிளைவுட்டுக்குச் சதுர அடி, 8 × 4 தாளுக்கு 32. அதில் குழப்பமில்லை.

#14 – இழைப்புளி

விலை ஒப்பிடும் முறையை யாரும் இன்னும் எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடையில் கன அடி 100 என்று வைப்போம். பணத்தின் பெயர் எதுவானாலும் சரி. பலகை குறுகலாக, வெளிறு ஓடி, கணுவோடு இருக்கிறது. உங்கள் துண்டுப் பட்டியலை அதில் படுக்க வைத்தால் பாதிதான் தேறும். இன்னொரு கடையில் 135. பலகை அகலம், நேர் ரேகை, முக்கால் பங்கு தேறும். 100-ஐ 0.5-ஆல் வகுத்தால் 200. 135-ஐ 0.75-ஆல் வகுத்தால் 180. விலை கூடுதலான மரம்தான் உங்கள் மேசைக்கு மலிவு. இழைக்கும் கூலியும் நேரமும் மிச்சமாவது தனி.

ஆனால் எல்லா வேலைக்கும் முதல் தர மரம் வாங்குவதும் வீண். அமெரிக்காவில் கடின மரத்துக்கு என்.எச்.எல்.ஏ. என்ற சங்கம் 1898-இல் தொடங்கி, தரம் பிரிக்கும் விதிகளை வைத்திருக்கிறது. அந்த விதிகளின் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பலகையின் அழகைப் பார்ப்பதில்லை. பலகையிலிருந்து குறையில்லாத எத்தனை துண்டு, எந்த அளவில் வெட்ட முடியும் என்றுதான் கேட்கிறார்கள். மேல் தரமான எஃப்.ஏ.எஸ்.ஸில் 83⅓ % தேற வேண்டும், அதுவும் குறைந்தது 4 அங்குலம் × 5 அடி அல்லது 3 அங்குலம் × 7 அடித் துண்டுகளாக. நம்பர் 1 காமனில் 66⅔ % போதும், துண்டு 4 அங்குலம் × 2 அடி அல்லது 3 அங்குலம் × 3 அடி இருந்தாலே சரி. உங்கள் குறுக்குச் சட்டம் ஒன்றரை அடிதான். அதற்கு 5 அடி நீளம் சுத்தமாகத் தேறும் பலகை எதற்கு? நீளமான துண்டுகளுக்கு நல்ல பலகை, குட்டைத் துண்டுகளுக்குக் கணு இடைவிட்டு வரும் மலிவான பலகை என்று பிரித்து வாங்குங்கள். இந்தத் தரப் பெயர் இல்லாத கடையிலும் யோசனை செல்லும்.

#15 – தடிமரம்

அக்கா சொன்னதோடு ஒன்று. அகலமும் நீளமும் கூடக்கூடக் கன அடி விலையே ஏறும், ஒரே மரத்தில் வந்த பலகையாக இருந்தாலும். 12 அங்குல அகலப் பலகை பெரிய தடியிலிருந்துதான் வரும். ரேகை நேராக நிற்கும்படி ஆரப் போக்கில் அறுத்த பலகைக்கும் விலை கூடும், ஏனென்றால் அப்படி அறுக்கும்போது கழிவும் அதிகம், தடியைத் திருப்பித் திருப்பி வைக்கும் வேலையும் அதிகம். மேசை மேல்பலகைக்கு அது நல்லது. காலுக்கும் சட்டத்துக்கும் அவசியமில்லை.

#16 – புதுஉளி

எல்லோருக்கும் நன்றி. துண்டு வெட்டிக் காய வைத்துப் பார்த்தேன். 62 கிராம் கடைசியில் 54-இல் நின்றது. கிட்டத்தட்ட 15 %. இப்போது கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் மரத்திலேயே மேசை முடியுமா, இல்லை இன்னொரு பலகை வாங்கத்தான் வேண்டுமா? அதே கடையில் கேட்டேன், அந்த மரம் இப்போது இல்லை என்கிறார்கள். வேறு மரம் கலந்தால் நிறம் ஒட்டாது.

#17 – இழைப்புளி

15 % என்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் வேலை செய்யும் அறையிலேயே அடுக்கி வையுங்கள், பிறகு தொடங்கலாம். மரம் போதும் என்றுதான் நினைக்கிறேன், மேசையை மரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்ற வேண்டும்.

தடிமன் 6 நூலிலேயே விடுங்கள். 48 × 24 அளவுக்குக் கீழே சட்டம் இருப்பதால் தாங்கும். நாலு பலகை, விளிம்பு நேராக்கிய பின் 5½ வீதம் 22 அங்குலம். ஐந்தாவது பலகையிலிருந்து உங்களுக்கு வேண்டியது இன்னும் 2 அங்குலம்தான். அதை 2¼-க்கு அறுத்தால், பிளேடு தின்றது ஒரு நூல் போக, 3 அங்குலம் 3 நூல் அகலத்தில் 5 அடிக் கீற்று மிஞ்சும். விளிம்பை இழைத்தால் 3¼. சட்டத்தின் உயரத்தை 4-லிருந்து 3¼-க்கு இறக்கிவிடுங்கள். நீளத்தை 42-க்கு 41, 18-க்கு 17 ஆக்குங்கள். கூட்டினால் 58, பிளேடு தடத்துக்கும் முனை வெடிப்புக்கும் சேர்த்து 2 அங்குலம் கையில் நிற்கும். ஆறாவது பலகையிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஜோடி. நாலு சட்டமும் வந்துவிட்டது. கால் 2¼-க்கு இழைத்தால் போதும்.

2 அங்குலக் கீற்றை மேல்பலகையின் ஓரத்தில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் கண் நேரே அங்கேதான் போகும்.

#18 – தடிமரம்

வெட்டும் முன் ஐந்தாவது பலகையின் இரண்டு முனையையும் உற்றுப் பாருங்கள் தம்பி. தலைமுடி மாதிரி வெடிப்பு உள்ளே ஓடியிருக்கும். முனையில் கொஞ்சம் தண்ணீர் தடவித் துடைத்தால் வெடிப்புக் கோடு மட்டும் கறுப்பாகத் தெரியும். உங்களிடம் இருப்பது 2 அங்குலம்தான்.

#19 – புதுஉளி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தடிமரம் அண்ணன் சொன்ன மாதிரியே தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஐந்தாவது பலகையின் ஒரு முனையில் 6 நூல் ஆழத்துக்குக் கோடு தெரிந்தது. ஆறாவதில் ஒன்றும் இல்லை. வெட்டிக் கழித்தும் 41-ம் 17-ம் வந்தன, ஐந்தாவது பலகையில் மிஞ்சியது விரற்கடை அகலம்தான்.

அடுத்து ஒரு புத்தக அடுக்கு செய்ய நினைப்பதால், துண்டுப் பட்டியலும் பலகைப் படமும் வரைந்துகொண்டு வேறு கடைக்குப் போனேன். 1 அங்குலம் என்றால் அறுவை அளவா, கையளவா என்று கேட்டேன். கடைக்காரர் தானே டேப்பை எடுத்து ஒரு பலகையின் மெல்லிய முனையில் வைத்துக் காட்டினார், 9 நூல். எப்போது அறுத்தது, எதில் காய்ந்தது என்றும் சொன்னார். விலை முன்பு வாங்கிய இடத்தைவிடக் கூடுதல்தான். படத்தைக் காட்டியதும், அடுக்குகளுக்கு 10 அங்குலப் பலகையும் பின்சட்டங்களுக்குக் கணு உள்ள குட்டைப் பலகையும் அவரே பிரித்து எடுத்துவைத்தார். தேறும் மரத்துக்கு விலையை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.

மேசையின் மேல்பலகை நேற்று இரவு பசை போட்டு ஒட்டியாயிற்று, கீற்று நடுவில். காலையில் கிளாம்ப்களைக் கழற்றிவிட்டு அகலத்தை அளந்து சொல்கிறேன்.

#20 – புதுஉளி

24 அங்குலம் 1 நூல்.